ஐந்து மீட்டர் துணியும் பியாட்ரிஸின் சிம்மீஸும்

சிம்மீஸைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் நாடகக் குழுவில் நான் அந்த வார்த்தையை முதலில் சொன்னபோதும் இதே சிரிப்புதான். நம் வீடுகளில் சிம்மீஸ் என்றால் பள்ளிக்கூடச் சட்டைக்குள்ளே போட்டுக்கொள்கிற கையில்லாத வெள்ளை உள்ளாடை. ஆனால் 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அந்தப் பெயருக்குரிய உடுப்பே வேறு. முழுக்கை வைத்தது, முழங்காலுக்குக் கீழே இறங்குவது, வசதியானவர்கள் வீட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் பார்த்துப் பார்த்துக் கைவேலை செய்தது. இத்தாலியில் கமிச்சா, ஸ்பெயினில் கமீசா, ஆங்கிலேயப் பெண்களிடம் ஸ்மாக், ஜெர்மானியரிடம் ஹெம்ட். பிரெஞ்சுக்காரர்களின் ஷெமீஸ்தான் நம்மிடம் சிம்மீஸ் ஆனது. (நாம் போடும் சல்வார் கமீஸில் இருக்கிற கமீஸும் இதே குடும்பம்தான். அது அரபி வழியாக வந்த கிளை.)

விஷயம் இதுதான். ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகம் போடுகிறோம். உடைப் பொறுப்பு என் தலையில். பியாட்ரிஸாக நடிக்கும் தோழி ஒரு நாள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே வெள்ளை மல் துணி. துணி முழுக்கக் கறுப்பு நூலில் சின்னச் சின்ன இலைப் புட்டா. ஒரு பக்கக் கரையில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குக் கொடி ஓடுகிற பட்டை. மிஷின் எம்பிராய்டரிதான், ஆனால் அழகான வேலை. 44 அங்குலப் பன்னா, ஐந்து மீட்டர். கடையில் அதுதான் கடைசித் துண்டாம். இரண்டு மாதம் டியூஷன் எடுத்த காசு அதில் போயிருந்தது.

"இது ஸ்டேஜ்ல தெரியணும்டி. கவுனுக்குள்ள ஒளிச்சு வெச்சிடாதே" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிக்கலும் அதிலேயே இருக்கிறது. சிம்மீஸ் என்பதே ஒளிந்திருப்பதற்காக ஏற்பட்ட உடுப்பு. பட்டு, வெல்வெட், ஜரிகை போட்ட கனத்த துணிகளை அந்தக் காலத்தில் துவைக்க முடியாது. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றில் படாமல் இருக்க உடம்பை ஒட்டி ஒரு லினன் சட்டை. அதை மட்டும் கழற்றிக் கழற்றித் துவைப்பார்கள். வெள்ளை வெளேர் என்ற லினன் கழுத்திலும் கையிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், இவர்கள் வீட்டில் துவைக்க ஆள் இருக்கிறது, மாற்ற உடுப்பு இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். அலங்காரம் எல்லாம் அந்த எட்டிப் பார்க்கிற இடங்களுக்குத்தான் வந்தது. ஆகவே நம்மிடம் ஒரு அலங்காரத் துணி இருந்தால், எந்த நாட்டு சிம்மீஸ் அழகு என்று கேட்பதில் அர்த்தமில்லை. இந்தத் துணியில் இருக்கிற வேலைப்பாடு எந்த இடத்தில் உட்கார்ந்தால் கெடாமல் தெரியும் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைத்தால் நாடு தானாக வந்துவிடும்.

இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே தவிர, தோழியிடம் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அவள் மனசில் ஏற்கெனவே ஒரு படம் ஒட்டிக்கொண்டிருந்தது. டிஷியன் 1515 வாக்கில் வரைந்த 'ஃப்ளோரா'. இப்போது ஃப்ளாரன்ஸ் நகரத்து உஃபிஸியில் இருக்கிறது. ஒரு தோளிலிருந்து நழுவுகிற வெள்ளைக் கமிச்சா, கழுத்தைச் சுற்றி எண்ண முடியாத சுருக்கங்கள், கையில் ஒரு பிடி பூ. யாருக்குத்தான் பிடிக்காது! "இதே மாதிரி" என்றாள்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அந்தக் கமிச்சாவின் துணியில் என்ன டிசைன் இருக்கிறது? ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை. அங்கே அலங்காரமே அந்தச் சுருக்கம்தான். மெல்லிய லினனை அகலம் அகலமாக எடுத்து, அத்தனையையும் இழுத்துக் கழுத்துப் பட்டிக்குள் அடக்கும்போது வருகிற ஒளியும் நிழலும்தான் அதன் அழகு. ரஃபேலின் 'லா வெலாட்டா' (1516 வாக்கில், பித்தி அரண்மனை) படத்திலும் அப்படித்தான். ட்யூரர் 1498இல் தன்னையே வரைந்துகொண்ட படம் மாட்ரிட் பிராடோவில் இருக்கிறது. அதில் அவர் போட்டிருக்கும் சட்டையும் பொடிப் பொடி மடிப்புதான். மேலே ஓரத்தில் மட்டும் தங்கப் பட்டை ஒன்று. இந்த ஓவியர்களுக்குச் சுருக்கத்தின் மேல் டிசைன் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று துணியிலேயே செய்து காட்டினோம். வெட்டவில்லை. கரையில்லாத பக்கத்தில் 12 அங்குலத்துக்கு ஓடுதையல் போட்டு, நூலை இழுத்து 4 அங்குலமாகச் சுருக்கினோம். மூன்றுக்கு ஒன்று. ஃப்ளோரா மாதிரி வேண்டுமென்றால் குறைந்தது அவ்வளவாவது சுருக்க வேண்டும். ஒன்றரை அங்குல இலை ஒவ்வொன்றும் மடிப்புக்குள் போய், வெளியே கறுப்பாக ஒரு துணுக்கு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தாள்.

"கொசு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு."

ஃப்ளோரா அத்தோடு விடைபெற்றாள். இன்னொன்றும் தெரிந்தது. எம்பிராய்டரி இருக்கிற இடம் விறைப்பாக நிற்கிறது, வெறும் மல் இருக்கிற இடம் குழைந்து விழுகிறது. அதனால் சுருக்கமும் ஒரே சீராக வரவில்லை. வேலைப்பாடு உள்ள துணிக்கு முதல் நிபந்தனை கிடைத்தாயிற்று: அது படிய வேண்டும், தட்டையாகக் கிடக்க வேண்டும்.

தட்டை என்றதும் இங்கிலாந்து ஞாபகம் வரும். எட்டாம் ஹென்றி காலத்துச் சதுரக் கழுத்துக் கவுன்களின் விளிம்புக்கு மேலே ஸ்மாக்கின் பட்டி ஒரு விரல் அகலம் தெரியும். மணிக்கட்டில் விரிந்த கஃப். இரண்டிலும் வெள்ளையில் கறுப்புப் பட்டு நூல் வேலை. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே பிளாக்வொர்க். அன்று 'ஸ்பானிய வேலை' என்றும் சொன்னார்கள். ஸ்பெயினிலிருந்து 1501இல் வந்திறங்கிய காதரின் இளவரசிதான் இதைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. முழுக்க நம்ப வேண்டியதில்லை. அதற்கு நூறு வருஷம் முன்பே, 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், சாசர் எழுதிய மில்லர் கதையில் வரும் பெண்ணின் ஸ்மாக் காலரில் கரிக்கறுப்புப் பட்டு வேலை இருக்கிறது. ஆனால் காதரின் வந்த பிறகு அது பெரிய மோஸ்தர் ஆனது உண்மை.

காதரின் பேச்சு வந்துவிட்டதால் ஒரு சின்னக் கிளைக்கதை. ஹென்றி அவரைத் தள்ளிவைக்க வழி தேடி, ஆன் பொலினோடு சுற்றிக்கொண்டிருந்த நேரம். 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் ஷாப்யூயி எழுதியனுப்பிய கடிதத்தில் ஒரு செய்தி: ராஜா தன் சட்டைகளுக்கான லினனை இன்னமும் காதரினிடமே அனுப்பித் தைத்து வாங்கிக்கொள்கிறார், அது தெரிந்து ஆன் கொதித்துப்போனார். அரண்மனையில் தையல்காரர்களுக்கா பஞ்சம்? உடம்பை ஒட்டிக் கிடக்கிற சட்டையை யார் கையால் தைப்பது என்பதில் ஒரு உரிமை இருக்கிறது. ஆனுக்கு அது புரிந்திருக்கிறது. எனக்கு இந்த மூவரில் ராஜாவைத்தான் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, துணிக்கு வருவோம். சாசர் அந்தப் பெண்ணின் காலரைப் பற்றிச் சொல்லும்போது, வேலை உள்பக்கமும் இருந்தது, வெளிப்பக்கமும் இருந்தது என்கிறார். முதலில் படித்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. ஹோல்பைன் 1536இல் வரைந்த ஜேன் சீமோர் படத்தின் (வியன்னாவில் இருக்கிறது) கஃப்களை உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தக் கஃப் மூடிய வளையம் அல்ல. கை விரிகிற இடத்தில் அதுவும் அலைபோல் திறந்து விரிகிறது. துணியின் முன்பக்கமும் தெரிகிறது, பின்பக்கமும் தெரிகிறது. பின்பக்கத்திலும் அதே டிசைன்! அந்தக் காலத்தில் இதற்குப் போட்டது இரட்டை ஓடுதையல். ஒரு தடவை ஒன்றுவிட்டு ஒன்றாகப் போய், திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்புவது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஹோல்பைன் படங்களில் நிறைய வருவதால் பிற்காலத்தில் அதற்கு 'ஹோல்பைன் தையல்' என்றே பெயர் வந்துவிட்டது. பாவம், அவர் ஊசியைத் தொட்டாரோ இல்லையோ.

எங்கள் துணியைத் திருப்பிப் பார்த்தோம். மிஷின் எம்பிராய்டரியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடிநூல் முடிச்சு, ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்குத் தாவுகிற நூல், வெள்ளைத் திப்பிகள். விரிந்த கஃப் வைத்தால் பியாட்ரிஸ் கையை உயர்த்தும்போதெல்லாம் இந்த லட்சணம் சபைக்குத் தெரியும். (பியாட்ரிஸ் கையை உயர்த்தாமல் பேசுகிற ஆளா?) அலங்காரத் துணி வாங்குகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம். காலர், கஃப், ஃப்ரில் எதற்காக இருந்தாலும் கடையிலேயே ஒரு முறை திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது. பின்பக்கம் சரியில்லை என்றால் திறந்து விரிகிற எதுவும் கூடாது. படிந்த பட்டி, மூடிய கஃப், உள்ளே வெறும் மல்லில் லைனிங். ஃப்ரில் வேண்டும் என்று அவள் மூக்கைச் சிந்தியதால், பட்டியின் விளிம்பில் வெறும் மல்லிலேயே அரை அங்குல ஃப்ரில் வைப்பதாக ஒப்பந்தம்.

ஆக, கழுத்தும் மணிக்கட்டும் ஆங்கிலேய வழியில் முடிந்தது. ஆனால் அது மொத்தமே மூன்று நான்கு விரல் அகலக் கறுப்புதானே. ஆடிட்டோரியத்தின் பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் அவள் டியூஷன் காசு கண்ணில் படாது. மிச்சம் இருக்கும் பெரிய இடம் கை. இங்கேதான் கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது.

இத்தாலிய வழியில் கை எப்படித் தெரியும் என்று பார்த்தோம். மாட்ரிட்டில் தைசென் அருங்காட்சியகத்தில் கிர்லாண்டாயோ வரைந்த ஜொவான்னா தோர்னாபுவோனி இருக்கிறாள். 1480களின் கடைசி. கவுனின் கை தனித்தனித் துண்டு, தோளில் நாடாவால் கட்டியிருக்கிறது. தோளில், முழங்கையில், முன்கையில் வெட்டு விட்டு, அந்த இடைவெளிகளில் உள்ளிருக்கும் வெள்ளைக் கமிச்சாவைப் பொங்கப் பொங்க வெளியே இழுத்துவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் எங்கள் துணிக்கு இது மறுபடியும் அதே ஃப்ளோரா வியாதிதான். பொங்குகிற இடத்தில் டிசைன் கசங்கிப்போகும். வெட்டு விட்ட இடத்தில் ஒரு இலை, அடுத்த வெட்டில் அரை இலை. கொடியை நறுக்கிப் பொரியல் பண்ணிய மாதிரி.

ஸ்பெயின்காரர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதி ஸ்பானிய ஓவியங்களில் கமீசாவின் கை அகலமாகத் தொங்கும். அதன்மேல் தோளிலிருந்து கீழே வரை கறுப்பிலோ பிற நிறங்களிலோ தங்க நூலிலோ வேலை செய்த பட்டைகள் நேர் நேராக ஓடும். அரபு-இஸ்லாமியக் கைவேலையின் சாயல் அதில் நன்றாகத் தெரியும். பட்டை இருக்கிற இடம் விறைப்பாக இருப்பதால் தானே படிந்து நிற்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கிற வெறும் துணி மட்டும் சுருங்கி மடியும். டிசைனும் பிழைத்தது, சுருக்கமும் கிடைத்தது. எங்கள் துணியின் ஓரத்தில் ஓடுகிற அந்த நான்கு விரல் கொடி இதற்காகவே நெய்த மாதிரி இருந்தது.

"இத்தாலி நாடகத்துக்கு ஸ்பெயின் கையா? யாராவது கேட்டா?" என்று குழுவில் ஒருவன் கிளப்பினான். கேட்கட்டும். கதை நடக்கிற மெஸ்ஸினா சிசிலித் தீவில் இருக்கிறது. 1282க்குப் பிறகு சிசிலி படிப்படியாக அரகான் ராஜ வம்சத்தின் கைக்குப் போய், ஷேக்ஸ்பியர் எழுதிய 1598-99 வாக்கில் ஸ்பெயினின் வைஸ்ராய் ஆண்டுகொண்டிருந்தார். நாடகத்தில் படையோடு வந்திறங்கும் தோன் பேத்ரோ யார்? அரகான் இளவரசன். மெஸ்ஸினாவில் ஒரு கவர்னர் வீட்டுப் பெண் ஸ்பானியக் கை வைத்த கமிச்சா போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பட்டை மோஸ்தர் நாடகக் காலத்துக்கு நூறு வருஷம் பழையது என்று ஒரு குறை சொல்லலாம். பாட்டி கொடுத்த உடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கணக்கு. இது இல்லாமல் கத்தரியைக் கையில் எடுக்கக் கூடாது, ஏனென்றால் இந்தத் துணிக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. ஐந்து மீட்டர் என்றால் சுமார் 197 அங்குலம். கரைப் பட்டையை முழு நீளத்துக்கும் தனியாக வெட்டி எடுத்தால் 197 அங்குல நாடா கிடைக்கும். சதுரக் கழுத்தைச் சுற்றி, மூலை மடிப்பும் சேர்த்து 44. கஃப் இரண்டுக்கும் தையல் விட்டு 20. கைக்கு ஒவ்வொரு பட்டையும் 25. கைக்கு மூன்று பட்டை என்றால் ஆறு பட்டை, 150. மொத்தம் 214 ஆகிறது, துணி போதாது. இரண்டு பட்டை என்றால் நான்கு, 100, மொத்தம் 164. மிச்சம் 33 அங்குலம். இரண்டே போதும் என்று முடிவானது.

கைக்குத் துணி எவ்வளவு? கரை போனபின் பன்னா 41 அங்குலம். முழுப் பன்னாவையும் ஒரு கைக்கு வைத்து 8 அங்குல மணிக்கட்டில் அடக்கினால் ஐந்துக்கு ஒன்று சுருக்கம், மூட்டை கட்டிய மாதிரி ஆகும். பன்னாவை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி, சுமார் 20 அங்குலம். இரண்டரைக்கு ஒன்று. அதிலும் பட்டைகள் படிந்துவிடுவதால் சுருக்கம் நடுவில் மட்டும் விழும். அங்கே சில இலைகள் மறையும்தான். கொடி முழுசாகத் தெரிவதால் அது உறுத்தாது. ஆக இரண்டு கைக்கும் சேர்த்து முக்கால் மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

உடம்புக்கு அந்தத் துணியே வேண்டாம் என்பது என் கட்சி. இறுக்கமான பாடிஸுக்கு உள்ளே எம்பிராய்டரி முண்டும் முடிச்சுமாக உறுத்தும், யாருக்கும் தெரியவும் தெரியாது. கீழ்ப்பகுதி பாவாடைக்குள் போய்விடும். வெளியே தெரியும் இடத்துக்கு நல்ல துணி, உள்ளே போகிற இடத்துக்கு சாதாரணத் துணி என்று அந்தக் காலத்து ஸ்மாக்குகளிலேயே செய்திருக்கிறார்கள். ஜேனட் ஆர்னால்டு என்ற ஆய்வாளர் அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் பழைய சட்டைகளையும் ஸ்மாக்குகளையும் அளந்து வரைந்தவர். அவர் 1998இல் இறந்த பிறகு, கூட இருந்தவர்கள் முடித்து 2008இல் வெளியிட்ட புத்தகம், 'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்' நான்காம் பாகம், முழுக்க லினன் உடுப்புகளைப் பற்றியது. அதைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும். துணியை வீணாக்காமல் பெரும்பாலும் நேர்க்கோட்டில் வெட்டியிருக்கிறார்கள். செவ்வகம், சதுரம், முக்கோணம். கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு. எங்கள் தையல்கார அக்காவிடம் வரைந்து காட்டினேன்.

"இது நம்ம பழைய ஜிப்பா வெட்டுதானே கண்ணு! கக்கத்துல கட்டம் வெச்சாத்தான் கை தூக்கினா கிழியாது" என்றார். அவருக்கு மறுமலர்ச்சிக் காலம் பற்றி வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாம் அங்கத்தில் பியாட்ரிஸ் தோட்டத்தில் குனிந்து ஒளிந்து ஒட்டுக்கேட்க வேண்டும். அந்தக் கட்டம் கட்டாயம் வேண்டும்.

சிம்மீஸ் முடிவானதும் கவுனை மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே பச்சை வெல்வெட்டீனில் வெட்டு விட்ட கை ஒன்று திட்டத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டோம். இப்போது கவுன் கை தோளில் மட்டும் கட்டி, முன்பக்கம் முழுக்கத் திறந்து, பின்னால் தொங்கும். பாடிஸின் கழுத்தையும் நான்கு விரல் இறக்கினோம், பட்டி முழுசாகத் தெரிய. இயக்குநர் கொஞ்சம் முனகினார். கவுனுக்கு ஏற்ற சிம்மீஸ் தைப்பதுதான் வழக்கம், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்றார். கடையில் மறுபடி கிடைக்காதது எதுவோ அதற்குத்தான் மற்றது வளைந்துகொடுக்க வேண்டும் என்றேன். வெல்வெட்டீன் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பழைய பிளாக்வொர்க் உடுப்புகளை அருங்காட்சியகப் படங்களில் பார்த்தால் பல இடங்களில் கறுப்பு பழுப்பாகி, சில இடங்களில் நூலே உதிர்ந்து வெறும் ஊசித் துளைகள் மட்டும் நிற்கும். கறுப்புச் சாயம் ஏற்றப் பயன்படுத்திய இரும்புச் சத்து பட்டு நூலை அரித்துவிட்டது. எங்கள் துணியின் நூலுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஊறுமோ என்ற பயம் இருந்தது. மூலையை உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தோம். ஊறவில்லை.

அக்கா முதலில் காடாத் துணியில் ஒன்று வெட்டித் தைத்து, போட்டுப் பார்த்து, தோளில் அரை அங்குலம் குறைத்தார். போன சனிக்கிழமை நல்ல துணி வெட்டியாயிற்று. கரையை வெட்டும்போது தோழி அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். கையில் பட்டை வைத்துக் குண்டூசி குத்திக் காட்டிய பிறகுதான் உள்ளே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அறையின் கடைசிச் சுவருக்கு என்னை அனுப்பி, கையைத் தூக்கி, "கொடி தெரியுதா?" என்று கேட்டாள். தெரிந்தது.

கரையில்லாத இலைப் புட்டாத் துணி நாலு மீட்டருக்கு மேல் மிச்சம். நாடகம் முடிந்ததும் அதில் அவளுக்கு ஒரு கமீஸ் தைத்துத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். அந்த 33 அங்குலக் கொடியை எங்கே வைப்பது என்று இருவரும் இப்போதே சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.